சதுப்பு நிலத்து வெர்சாய்: ஃபெர்தோட் எஸ்தெர்ஹாசி அரண்மனை யாருடைய வீடு?

#1 ஏரிக்கரையான்

வணக்கம் நண்பர்களே. போன அக்டோபரில் ஹங்கேரியில் ஃபெர்தோட் என்ற சிற்றூருக்குப் போய் வந்தேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே மாதங்கள் ஓடிவிட்டன.

மேற்கு ஹங்கேரியில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி ஃபெர்ட்டோ என்று ஓர் ஏரி இருக்கிறது. பரப்பு பெரிது, ஆழம் கிடையாது. பெரும்பாலான இடங்களில் இடுப்பளவுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். 1860களில் முழுக்க வற்றிச் சில வருடம் வெறும் தரையாகக் கிடந்த ஏரி அது. அதன் தெற்கே ஹன்ஷாக் என்ற சதுப்பு. கோரையும் கொசுவும் நீர்ப்பறவையும் நிறைந்த நிலம். வேட்டைக்கு நல்ல இடம் என்று எஸ்தெர்ஹாசி குடும்பத்தார் 1720 வாக்கில் ஷுட்டோர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு வேட்டை மாளிகை கட்டினார்கள். மார்ட்டினெல்லி என்ற வியன்னாக் கட்டடக் கலைஞர் வரைந்த கட்டடம்.

அந்த வேட்டை மாளிகையை நடுவில் வைத்து, 1762க்குப் பிறகு இளவரசர் மிக்லோஷ் எஸ்தெர்ஹாசி இருபது வருடம் போலக் கட்டிக்கொண்டே போனார். அப்போது அந்த இடத்துக்கு எஸ்தெர்ஹாசா என்று பெயர், இன்றைய ஃபெர்தோட் அதுதான். 126 அறைகள். ஓபரா என்ற இசை நாடகத்துக்கு ஓர் அரங்கு, பொம்மலாட்ட அரங்கு, சீனப் பாணியில் ஒரு கேளிக்கை மண்டபம், இசைக்கலைஞர்களுக்குத் தனி வீடு. பிரான்ஸ் அரசர் வெர்சாய் அரண்மனையில் செய்ததைச் சதுப்புக்குள் செய்து காட்டினார். ‘ஹங்கேரியின் வெர்சாய்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. இந்த வீட்டில்தான் இசையமைப்பாளர் ஜோசஃப் ஹைடன் தன் நடுவயதின் பெரும்பகுதியைக் கழித்தார்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஊர்த் தெருவில் நடந்து வரும்போது எதுவும் தெரியாது. சட்டென்று ஓர் இரும்புக் கதவு. தேனிரும்பைக் கொடி போல வளைத்து, இலையும் சுருளுமாக அடித்திருக்கிறார்கள். உள்ளே குதிரை லாட வடிவத்தில் கட்டடம் இரு பக்கமும் வளைந்து வந்து முற்றத்தை அணைத்துக்கொள்கிறது. நடுவில் இரண்டு பக்கமாக ஏறும் படிக்கட்டு. கீழ்த்தளத்துக் கூடத்தில் வெள்ளைப் பளிங்குத் தரை, கூரையில் குட்டித் தேவதைகள். அவை பிடித்திருக்கும் பூச்சரங்களை உற்றுப் பார்த்தால் ‘E’ என்ற குடும்ப எழுத்து வடிவம் தெரியும். எங்கள் குழுவில் ஒரு சின்னப் பெண்தான் அதை முதலில் கண்டுபிடித்தாள்.

இவ்வளவு பெரிய வீடு செழிப்பாக இருந்தது ஒரே ஒரு மனிதரின் ஆயுள்வரைதான். 1790 செப்டம்பர் 28 அன்று மிக்லோஷ் இறந்தார். சில நாட்களுக்குள் இசைக்குழு கலைக்கப்பட்டது. அதன்பின் நூறு வருடத்துக்கு மேல் கிட்டத்தட்ட காலி வீடு. அந்த முற்றத்தில் நின்றபோது இது யாருடைய வீடு என்று கேட்கத் தோன்றியது. கட்டியவருடையதா, வேலை பார்த்தவர்களுடையதா, இசை அமைத்தவருடையதா? உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.

#2 பழையகோட்டை

அருமையான தொடக்கம், நண்பரே. குடும்பத்தின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். அது இல்லாமல் இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று விளங்காது.

எஸ்தெர்ஹாசிகள் தொடக்கத்தில் நடுத்தரப் பிரபுக்கள்தான். குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் இன்னொரு மிக்லோஷ், 1583இல் பிறந்தவர். அப்போது ஹங்கேரி மூன்று துண்டு. நடுப்பகுதி துருக்கியர் கையில், கிழக்கே டிரான்சில்வேனியா தனி, மேற்கும் வடக்கும் வியன்னாவின் ஹாப்ஸ்பர்க் அரசர்கள் கையில். பல பிரபுக்கள் பக்கம் மாறி மாறி நின்றார்கள். இவர் சீர்திருத்தச் சபைக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கத்துக்கு மாறினார், ஹாப்ஸ்பர்க் பக்கம் உறுதியாக நின்றார், பெருஞ்சொத்து உள்ள ஒரு கைம்பெண்ணை மணந்தார். அந்த வழியில் வந்த முன்காச் கோட்டையைக் கொடுத்துவிட்டு மேற்கே கிஷ்மார்தொன் முதலிய இடங்களைப் பெற்றார். கிஷ்மார்தொன் என்றால் இன்றைய ஆஸ்திரியாவின் ஐசன்ஷ்டாட். 1625இல் அவரை நாட்டின் பலட்டீனாக, அதாவது அரசருக்கு அடுத்த பதவியில் அமர்த்தினார்கள்.

அவர் மகன் பால், 1687இல் இளவரசர் பட்டம் பெற்றார். இந்த பாலும் இசை ஆர்வலர். அவர் பெயரில் 1711இல் வெளிவந்த ‘ஹார்மோனியா செலஸ்டிஸ்’ என்ற பக்திப் பாடல் தொகுப்பு ஹங்கேரிய இசை வரலாற்றில் முக்கியமானது. ஹைடன் வருவதற்கு ஐம்பது வருடம் முன்பே அந்த வீட்டில் இசை இருந்தது.

துருக்கியர் வெளியேறிய பிறகு மீட்கப்பட்ட நிலங்கள் விசுவாசிகளுக்குப் போயின. எஸ்தெர்ஹாசிகள் நாட்டிலேயே பெரிய நிலக்கிழார்கள் ஆனது இப்படித்தான். பாலின் பேரன் மிக்லோஷ்தான் நம் கதாநாயகர். 1714இல் பிறந்தவர், ராணுவத்தில் இருந்தவர், அண்ணன் பால் அந்தால் 1762இல் பிள்ளையில்லாமல் இறந்ததால் பட்டம் இவருக்கு வந்தது. ஹைடனை வேலைக்கு எடுத்தது இந்த அண்ணன்தான், 1761 மே 1 அன்று. தம்பி அவரை அப்படியே வைத்துக்கொண்டார்.

‘ஆடம்பரப் பிரியர்’ என்பது ஹங்கேரியர்கள் அவருக்கு வைத்த அடைமொழி. 1764இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹாப்ஸ்பர்க் வாரிசு இரண்டாம் ஜோசஃபின் முடிசூட்டு விழாவில் இவர் போட்ட தீப அலங்காரத்தைப் பதினான்கு வயதுப் பையனாக இருந்த ஜெர்மன் கவிஞர் கதே பார்த்தார். முதுமையில் தன் வரலாறு எழுதும்போதும் அதைத் தேவதை உலகம் என்றே நினைவுகூர்ந்தார்.

#3 நிலமும்நீரும்

ஏரிக்கரையான் அண்ணா, உங்கள் எழுத்து கண்முன் காட்டுகிறது. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் நேராகவே பதில் சொல்கிறேன். அது குடியானவர்களின் வீடு.

அந்தக் காலத்து ஹங்கேரியில் நிலத்தோடு பிணைக்கப்பட்ட பண்ணையாட்கள்தான் பெரும்பான்மை. பிரபு நிலத்துக்கு வரி கிடையாது. வரியும் உழைப்பும் கீழே இருப்பவன் தலையில். சுரண்டல் எல்லை மீறியதால் ஹாப்ஸ்பர்க் அரசி மரியா தெரேசா 1767இல் ‘உர்பாரியம்’ என்ற ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தார். முழுப் பங்கு நிலம் வைத்திருப்பவன் வருடத்துக்கு 52 நாள் தன் மாடும் வண்டியும் கொண்டு பிரபுவுக்கு வெட்டி ஊழியம் செய்ய வேண்டும். மாடு இல்லாமல் வெறுங்கையோடு என்றால் 104 நாள். விளைச்சலில் ஒன்பதில் ஒரு பங்கு பிரபுவுக்கு. பத்தில் ஒரு பங்கு திருச்சபைக்கு. வீட்டுக்கு ஒரு ஃபோரின்ட் பணம். இது போக வருடத்துக்கு இரண்டு கோழிக்குஞ்சு, காயடித்த சேவல் இரண்டு, பன்னிரண்டு முட்டை, ஒரு அளவு வெண்ணெய்.

இதுதான் ‘சீர்திருத்தம்’. இதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த ஊர் ஊராகப் போய் ஒன்பது கேள்விகள் கேட்டார்கள். என்னென்ன ஊழியம் செய்கிறாய், எப்போதிலிருந்து, ஊருக்கு என்ன நன்மை, என்ன தீமை என்று. எழுதத் தெரியாத ஊர்ப் பெரியவர்கள் பதிலுக்குக் கீழே சிலுவைக் குறி போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தாள்கள் இன்றும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. எஸ்தெர்ஹாசாவில் செங்கல் அடுக்கப்பட்ட அதே வருடங்கள்!

1773 செப்டம்பரில் மரியா தெரேசாவே விருந்தாளியாக வந்தார். ஓபரா, முகமூடி நடனம், பொம்மலாட்டம், வாணவேடிக்கை. விழாவின் ஒரு பகுதியாகக் குடியானவர்களைப் பெருந்திரளாகப் பண்டிகை உடையில் வரவழைத்து அரசிக்கு முன்னால் ஆட வைத்தார்கள். எனக்கு அந்தக் காட்சியைக் கடந்து ஹைடனுக்குப் போகவே மனம் வரவில்லை.

#4 வயோலாக்காரி

நிலமும்நீரும் தோழருக்கு: நீங்கள் சொன்னதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் ஹைடனும் அந்த வீட்டில் எஜமானர் இல்லை, கூலிக்காரர். அதை மறக்கக்கூடாது.

1761 ஒப்பந்தத்தைப் படித்தால் நெஞ்சு கனக்கும். சம்பளம் வருடத்துக்கு 400 குல்டன். சீருடை போட வேண்டும், வெள்ளைக் காலுறை, தலையில் பவுடர் பூசிய முடி. தினமும் இரண்டு வேளை, மதியத்துக்கு முன்னும் பின்னும், முன்கூடத்தில் வந்து நின்று இன்று இசை வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் எழுதும் இசை எல்லாம் இளவரசருக்கே சொந்தம். யாருக்கும் பிரதி கொடுக்கக் கூடாது, அனுமதியில்லாமல் வெளியாருக்கு எழுதக் கூடாது. இந்த விதி 1779இல் புது ஒப்பந்தம் போட்டபோதுதான் போனது. அதுவரை பதினெட்டு வருடம், தன் தலையில் உதித்த மெட்டு தனக்குச் சொந்தமில்லை.

மிக்லோஷ் வாசித்த வாத்தியம் பாரிட்டோன். வயோலா டா காம்பா மாதிரி மடியில் வைத்து வில்லால் வாசிப்பது. முன்னால் நரம்புத் தந்திகள். கழுத்துக்குப் பின்னால் உலோகத் தந்திகள், அவை தானாகவும் அதிரும், இடது கட்டைவிரலால் மீட்டவும் முடியும். ஒரே நேரத்தில் வில்லும் மீட்டலும். கஷ்டமான வாத்தியம். 1765இல் இளவரசர் ஹைடனைக் கண்டித்து எழுத்தில் உத்தரவு போட்டார், இந்த வாத்தியத்துக்கு இன்னும் ஊக்கமாக எழுது என்று. ஹைடன் எழுதித் தள்ளினார். பாரிட்டோன், வயோலா, செல்லோ மூன்றுக்குமான ட்ரியோக்கள் மட்டும் பட்டியலில் 126. வீட்டில் அறை 126, ட்ரியோ 126! நான் வயோலா வாசிப்பவள், அதனால் சொல்கிறேன்: அந்த ட்ரியோக்களில் நம் வாத்தியத்துக்கு நல்ல வேலை இருக்கிறது. மெதுவாக, சண்டையில்லாமல், மூன்று பேர் மாலையில் பேசிக்கொள்வது போன்ற இசை.

#5 புதியவள்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேற்கத்திய இசை அவ்வளவாகத் தெரியாது, தப்பாகக் கேட்டால் மன்னிக்கவும். இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் ஹைடன் ஏன் முப்பது வருடம் அங்கேயே இருந்தார்? வேறு இடம் போயிருக்கலாமே?

#6 வயோலாக்காரி

தப்பே இல்லை, சரியான கேள்வி.

முதல் காரணம் பாதுகாப்பு. ஹைடன் வண்டிச்சக்கரம் செய்பவரின் மகன். இளமையில் வியன்னாவில் குரல் உடைந்ததும் பாடகர் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டுத் தெருவில் நின்றவர். மாதச் சம்பளத்தின் அருமை அவருக்குத் தெரியும். ஐசன்ஷ்டாட்டில் அவர் வீடு இரண்டு முறை தீப்பிடித்தது, 1768இலும் 1776இலும். இரண்டு முறையும் மிக்லோஷ்தான் செலவு செய்து கட்டிக் கொடுத்தார். இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இரண்டாவது காரணம், கையில் ஓர் இசைக்குழு. இருபது இருபத்தைந்து பேர், பலர் முதல்தரம். வயலினில் லுய்ஜி தொமாசினி மாதிரி ஆள். காலையில் எழுதியதை மாலையில் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம், பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம். பிற்காலத்தில் அவரே சொன்னார், உலகத்திலிருந்து விலகி இருந்ததால் தன்னைக் குழப்ப யாரும் இல்லை, அதனால் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தே தீர வேண்டியதாயிற்று என்று. எந்த ஊரில் இப்படி ஓர் ஆய்வுக்கூடம் கிடைக்கும்?

விலையும் கொடுத்தார். 1790 பிப்ரவரியில் வியன்னாவில் உள்ள சிநேகிதி ஒருவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. வியன்னாவில் சில வாரம் நல்ல சாப்பாடும் நல்ல பேச்சுமாக இருந்துவிட்டு எஸ்தெர்ஹாசாவுக்குத் திரும்பியிருக்கிறார். இங்கே என் காட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன் என்கிறார். பியானோ சரியில்லை. மூன்று நாளில் இருபது பவுண்டு இளைத்துவிட்டேன் என்கிறார். வியன்னாவின் நல்ல மாட்டிறைச்சிக்குப் பதில் ஐம்பது வயதுப் பசுவின் துண்டு கிடைக்கிறதாம். மொசார்ட்டின் ஃபிகாரோ ஓபராவைக் கேட்பது போலக் கனவு கண்டேன், வடக்குக் காற்று எழுப்பிவிட்டது என்கிறார். ஐம்பத்தேழு வயது மனிதர் அப்போது. நான் இதை எத்தனை முறை படித்தாலும் அந்தக் காற்று என் மேல் அடிக்கிறது.

#7 பழையகோட்டை

வயோலாக்காரி அக்கா சொன்னதோடு 1772 கதையையும் சேர்க்க வேண்டாமா?

#8 வயோலாக்காரி

சேர்க்கிறேன் சேர்க்கிறேன். அதற்குத்தான் வந்துகொண்டிருந்தேன்.

எஸ்தெர்ஹாசா கோடைகால வீடு. குளிர் வந்தால் ஐசன்ஷ்டாட்டுக்குத் திரும்புவது வழக்கம். ஆனால் மிக்லோஷுக்கு இந்த இடத்தை விட்டுப் போக மனம் வராது. வருடா வருடம் தங்கும் காலம் நீண்டுகொண்டே போனது. இசைக்கலைஞர்களின் வீட்டில் இடம் போதாது. அதனால் 1772இல் ஓர் உத்தரவு: ஹைடன், தொமாசினி, இன்னும் இரண்டு மூன்று பேர் தவிர மற்ற யாரும் மனைவி பிள்ளைகளைக் கூட்டி வரக் கூடாது, ஒரு நாளைக்குக்கூட.

அந்த இலையுதிர் காலத்தில் ஆட்கள் ஹைடனிடம் வந்து ஏதாவது செய்யுங்கள் என்றார்கள். அவர் மனு எழுதவில்லை, சிம்பொனி எழுதினார். 45ஆம் எண். கடைசிப் பகுதி விறுவிறுப்பாக ஓடி, முடியப் போகிறது என்று நினைக்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. பிறகு மெதுவான ஓர் அடாஜியோ. ஊதுவாத்தியக்காரர்களில் முதல் ஓபோவும் இரண்டாம் ஹார்னும் தங்கள் வரியை வாசித்து முடித்து, மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். அடுத்து பஸூன். அப்புறம் இன்னும் இருவர். இப்படி ஒவ்வொருவராகப் போய், கடைசியில் இரண்டு வயலின் மட்டும். இளவரசருக்குப் புரிந்தது. எல்லாரும் போகிறார்களா, அப்படியானால் நாமும் போக வேண்டியதுதான் என்றாராம். மறுநாள் வண்டிகள் கிளம்பின என்பது ஹைடனை நேரில் கண்டு பேசி வரலாறு எழுதியவர்கள் சொல்லும் கதை.

எனக்கு இதில் பிடித்தது ஒரு சின்ன ரசீது. இந்த சிம்பொனி எஃப் ஷார்ப் மைனர் என்ற சுருதியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் யாரும் சிம்பொனிக்கு எடுக்காத சுருதி. ஹார்ன் வாத்தியத்தில் அப்போது வால்வு கிடையாது. சுருதி மாற்ற வளைந்த குழாய்த் துண்டை மாட்ட வேண்டும். இந்தச் சுருதிக்கான துண்டு இருப்பில் இல்லை. அரைச் சுருதி இறக்கும் துண்டுகள் இரண்டை அந்த அக்டோபரிலேயே செய்யச் சொல்லி வாங்கியிருக்கிறார்கள். ஆக, இது ஒரு மாலை நேரத்து விளையாட்டு இல்லை. கொல்லனிடம் சொல்லிக் குழாய் செய்து, திட்டம் போட்டு, ஒத்திகை பார்த்துச் செய்த வேலை.

#9 ஏரிக்கரையான்

அக்கா, இந்தக் குழாய்த் துண்டு விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி. அந்த இசைக்கலைஞர் வீட்டை நான் வெளியிலிருந்து பார்த்தேன். அரண்மனையிலிருந்து சில நிமிட நடை. இரண்டு மாடி, சாதாரண ஜன்னல்கள். அரண்மனையைப் பார்த்த கண்ணுக்கு அது ஒரு பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும். அந்த ஜன்னல்களுக்குப் பின்னால் குடும்பத்தைப் பார்க்காத இருபது பேர் வரிசையாகப் படுத்திருந்தார்கள் என்று நினைத்தால் அந்த அடாஜியோ வேறு மாதிரிக் கேட்கிறது.

ஓபரா அரங்கு இப்போது இல்லை. முதல் அரங்கு 1768இல் ஹைடனின் ஓபராவோடு திறக்கப்பட்டது. 1779 நவம்பர் 18 அன்று அடுப்பு வெடித்துத் தீப்பிடித்து எரிந்தது. வாத்தியங்களும் இசைத்தாள்களும் அதோடு போயின. சரியாக ஒரு மாதத்தில், டிசம்பர் 18 அன்று, புது அரங்குக்கு அடிக்கல்! அந்த அவசரம்தான் மிக்லோஷ். 1781இல் மறுபடி திறந்தார்கள். 1786இல் மட்டும் அங்கே 125 ஓபரா நிகழ்ச்சிகள் நடந்தன. சதுப்புக்கு நடுவில், மூன்று நாளுக்கு ஓர் ஓபரா என்ற கணக்கில். எல்லாவற்றையும் பழக்கி, வெட்டி ஒட்டி, நடத்தியவர் ஹைடன். இன்று அந்த இடத்தில் புல்தான் இருக்கிறது. பொம்மலாட்ட அரங்கு மட்டும் பிழைத்து, புதுப்பிக்கப்பட்டு, கச்சேரி அரங்காக இருக்கிறது.

நிலமும்நீரும் தம்பிக்கு: நீங்கள் சொன்ன பன்னிரண்டு முட்டை என்னை விடவில்லை. நான் அந்தப் பளிங்குத் தரையில் நின்று கூரையைப் பார்த்தேனே தவிர, அது எதால் வந்தது என்று அங்கே நிற்கும்போது யோசிக்கவில்லை. உண்மை.

#10 பாலட்டோன்

குறுக்கே வருகிறேன். ஹங்கேரியப் பிரபு வீடு என்றாலே எஸ்தெர்ஹாசாவைப் பேசுகிறோம். பாலட்டோன் ஏரிக்கரையில் கெஸ்ட்ஹெய் ஊரில் ஃபெஷ்டெடிச் அரண்மனை இருக்கிறது, அதையும் பாருங்கள். 1745இல் தொடங்கியது. 101 அறை. அந்த வீட்டின் ஜோர்ஜி ஃபெஷ்டெடிச் 1797இல் ‘ஜார்ஜிகோன்’ என்ற வேளாண் கல்லூரியைத் தொடங்கினார். ஐரோப்பாவின் முதல் வேளாண் உயர்கல்வி நிறுவனம் அது. நூலகம் பல பத்தாயிரம் புத்தகங்களோடு 1945 போரையும் தாண்டி அப்படியே நிற்கிறது.

எஸ்தெர்ஹாசாவிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே செச்சேனி குடும்பத்தின் மாளிகை. இஷ்ட்வான் செச்சேனி 1825இல் தன் சொத்தின் ஒரு வருட வருமானம் 60,000 ஃபோரின்ட்டைத் தூக்கிக் கொடுத்ததில்தான் ஹங்கேரிய அறிவியல் கழகம் பிறந்தது. நாட்டுக்கு என்ன செய்தார்கள் என்று பார்த்தால் இந்த இருவர் ஒரு படி மேலே என்பது என் கருத்து.

#11 நிலமும்நீரும்

பாலட்டோன் நண்பர் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். கல்லூரி என்றால் அது அடுத்த தலைமுறைக்கும் இருக்கும். ஓபரா அரங்கு பிரபு செத்ததும் செத்தது.

#12 வயோலாக்காரி

அரங்கு செத்தது, தோழரே, இசை சாகவில்லை. ‘அடுத்த தலைமுறைக்கும்’ என்று நீங்கள் வைத்த அளவுகோலிலேயே சொல்கிறேன். சிம்பொனி என்ற வடிவமும் நால்வர் குவார்ட்டெட் என்ற வடிவமும் பக்குவப்பட்டது பெரும்பாலும் அந்தச் சதுப்பில்தான். மொசார்ட் தன் ஆறு குவார்ட்டெட்டுகளை ஹைடனுக்குக் காணிக்கையாக்கினார். பேத்தோவன் அவரிடமே பாடம் படித்தார். அந்த வீடு விளைவித்தது இன்றும் தினமும் உலகம் முழுக்க எங்கோ ஒரு மேடையில் ஒலிக்கிறது.

அது இளவரசரின் பெருந்தன்மை என்று நான் சொல்லவில்லை. அவர் தன் ஆசைக்குச் செய்தார். விளைந்தது அவர் ஆசையைவிடப் பெரிது.

#13 புதியவள்

1790க்குப் பிறகு என்ன ஆனது? யாராவது சொல்லுங்கள்.

#14 பழையகோட்டை

சொல்கிறேன் அம்மா. மகன் அந்தால் பட்டத்துக்கு வந்தார். இசையில் ஈடுபாடில்லை. குழுவைக் கலைத்தார். ஹைடனுக்கு மிக்லோஷ் உயிலில் வைத்திருந்த 1,000 ஃபோரின்ட் வருட ஓய்வூதியம் இருந்தது. ஹைடன் உடனே வியன்னா போய்ச் சேர்ந்தார். சாலமன் என்ற கச்சேரி ஏற்பாட்டாளர் அவரை லண்டனுக்கு அழைத்துப் போனார். முன்கூடச் சேவகர் அங்கே பெரும் புகழ் பெற்றார்.

அரண்மனை? குடும்பம் ஐசன்ஷ்டாட்டுக்குப் போய்விட்டது. அடுத்து வந்த இரண்டாம் மிக்லோஷ் ஓவியங்கள் சேகரித்தார். கடன் ஏறியது. 1870 வாக்கில் அந்த ஓவியத் தொகுப்பை ஹங்கேரிய அரசு வாங்கியது. புடாபெஸ்ட் நுண்கலை அருங்காட்சியகத்தின் அடித்தளம் அதுதான். ரஃபேலின் ‘எஸ்தெர்ஹாசி மடோனா’ அங்கேதான் தொங்குகிறது. (இந்த மிக்லோஷ்தான் 1820இல் ஹைடனின் உடலை வியன்னாவிலிருந்து ஐசன்ஷ்டாட்டுக்கு எடுத்து வரச் சொன்னார். பெட்டியைத் திறந்தால் தலை இல்லை. மண்டையோட்டு ஆராய்ச்சி மோகத்தில் திருடியிருந்தார்கள், அதில் ஒருவர் எஸ்தெர்ஹாசி வீட்டில் முன்னாள் அலுவலர். தலையும் உடலும் சேர்ந்தது 1954இல்.)

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நான்காம் மிக்லோஷும் மனைவி மார்கிட் சிராக்கியும் எஸ்தெர்ஹாசாவுக்கே குடிவந்து வீட்டைப் பழுது பார்த்தார்கள். மார்கிட் தோட்டத்தில் ரொம்ப ஈடுபாடு காட்டியவர். அந்த வெளிச்சமும் நீடிக்கவில்லை. அவர் 1910இல் இறந்தார், கணவர் 1920இல்.

அப்புறம் எல்லைக்கோடு. 1921இல் ஐசன்ஷ்டாட் ஆஸ்திரியாவுக்குப் போனது, எஸ்தெர்ஹாசா ஹங்கேரியில் நின்றது. ஒரே குடும்பத்தின் இரண்டு வீடுகளுக்கு நடுவே நாட்டு எல்லை! 1945 மார்ச்சில் நிலச் சீர்திருத்தம் வந்து பெருநிலங்கள் பறிக்கப்பட்டன. அரண்மனை சோவியத் படையின் மருத்துவமனை ஆனது, பிறகு வேளாண் பள்ளி. ஷுட்டோரையும் எஸ்தெர்ஹாசாவையும் சேர்த்து 1950இல் ஃபெர்தோட் என்று புதுப் பெயர். குடும்பப் பெயரே ஊர்ப் பலகையில் இருக்கக் கூடாது என்ற காலம். 1950களின் பின்பகுதியில் பழுது பார்ப்பு தொடங்கியது. ஹைடன் இறந்து 150 வருடம் ஆன 1959இல் நினைவு அருங்காட்சியகம் திறந்தார்கள். 2001இல் ஏரியும் சுற்றியுள்ள நிலமும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது அரண்மனையும் அதில் சேர்ந்தது.

#15 ஏரிக்கரையான்

கடைசி இளவரசரை விட்டுவிட்டீர்களே ஐயா. ஐந்தாம் பால், 1901இல் பிறந்தவர். அரசியல் பக்கம் போகாமல் நிர்வாகத்தைப் பார்த்தவர். நிலம் பறிபோன பிறகும் நாட்டை விட்டு ஓடவில்லை. 1946இல் புடாபெஸ்ட் ஓபராவின் முதன்மை நடனக் கலைஞர் மெலிந்தா ஒட்ருபாயை மணந்தார். 1949 பிப்ரவரியில் ஹங்கேரியக் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர் கர்தினால் மின்ட்சென்டி மீது கம்யூனிஸ்ட் அரசு நடத்திய வழக்கில் இவரையும் சேர்த்து நிறுத்தினார்கள். 15 வருடத் தண்டனை. 1956 புரட்சியின்போது சிறைக்கதவு திறந்ததும் இருவரும் எல்லை தாண்டினார்கள். சூரிக்கில் வாழ்ந்து 1989இல் இறந்தார். அதே வருடம் ஆகஸ்ட் 19 அன்று, அரண்மனைக்கு வெகு தூரமில்லாத எல்லையில், ஷோப்ரோன் பக்கத்தில் எல்லைக் கதவைச் சிறிது நேரம் திறந்துவைத்த அந்தப் புகழ்பெற்ற ‘ஐரோப்பிய வனபோஜனம்’ நடந்து, கிழக்கு ஜெர்மானியர்கள் நூற்றுக்கணக்கில் ஆஸ்திரியாவுக்குள் ஓடினார்கள்.

மெலிந்தா 2014வரை இருந்தார். ஆஸ்திரியப் பக்கத்துச் சொத்துகளை அறக்கட்டளைகளாக மாற்றியவர் அவர். ஓபரா அரங்கோடு கட்டிய வீட்டின் கடைசி எஜமானி ஒரு ஓபரா மேடைக்காரி. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

#16 நிலமும்நீரும்

ஐந்தாம் பாலின் சிறைவாசம் எனக்குப் புதுச் செய்தி. நிலத்தைப் பிரித்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். 1848இல் பண்ணையடிமை முறை ஒழிந்தும், அடுத்த நூறு வருடம் நிலமில்லாதவன் நிலமில்லாமலே கிடந்தான். ஆனால் அதற்காக ஒரு மனிதனைப் பொய் வழக்கில் 15 வருடம் அடைப்பது நியாயமாகாது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் சொன்ன மற்றதற்கும் மதிப்பில்லை.

நேற்று இரவு வயோலாக்காரி தோழர் சொன்ன 45ஆம் சிம்பொனியைக் கேட்டேன். என் மனைவியும் கூட உட்கார்ந்தார். கடைசியில் அந்த இரண்டு வயலின் மட்டும் மிஞ்சும்போது மின்விசிறியை நிறுத்தச் சொன்னார், அவ்வளவு மெல்லிய ஒலி. என் கருத்து மாறவில்லை. குடியானவனுடைய வீடுதான் அது. ஆனால் அந்த ஹார்ன் வாசித்தவனும் வீட்டுக்குப் போகத் தவித்தவன் என்பது கேட்கும்போது தெரிந்தது.

ஒரு உதவி. அந்த அரைச் சுருதிக் குழாய்த் துண்டுகளுக்கான ரசீது என்றீர்களே, அதை எங்காவது அச்சிட்டிருக்கிறார்களா? கொல்லனுக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எந்தக் கணக்கிலிருந்து கொடுத்தார்கள் என்று பார்க்க ஆசை. படம் கிடைத்தால் இங்கே போடுங்கள்.

#17 வயோலாக்காரி

தேடிப் பார்க்கிறேன் தோழரே. கிடைத்தால் முதலில் உங்களுக்குத்தான். உங்கள் துணைவியாரிடம் அடுத்து பாரிட்டோன் ட்ரியோ ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள், மின்விசிறி ஓடட்டும், பரவாயில்லை.